ரோஸி ஏற முடியாத மாடி

டோரதியின் வீட்டு ஹாலில் ஒரு ஸ்கூட்டர் குடியிருந்தது. அவள் புருஷன் ஓஸ்வால்டு அதற்கு ரோஸி என்று பெயர் வைத்திருந்தார். டோரதி கல்யாணமாகி பெங்களூர் ஆஸ்டின் டவுனில் வந்து இறங்கிய அன்றே ரோஸி ஹாலுக்குள் மாலை போட்டுக்கொண்டு நின்றாள். அன்றிலிருந்து வெளியே போய்த் திரும்பினால் போதும், ஓஸ்வால்டு வாசற்படியில் ஒரு பலகையைச் சாய்த்து, "மெல்ல... மெல்ல..." என்று கொஞ்சிக்கொண்டே அவளை உள்ளே ஏற்றுவார். வெளியே விட்டால் பெட்ரோலை உறிஞ்சிவிடுவார்களாம். அந்தக் கிழட்டு வண்டியில் உறிஞ்ச என்ன இருக்கிறது என்று யாராவது கேட்டால் மனிதருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும்.

ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போக மட்டும்தான் ரோஸி கிளம்புவாள். மற்ற நாளெல்லாம் மகாராணி ஹாலை விட்டு அசைய மாட்டாள். டோரதி அவளைச் சுற்றித்தான் பெருக்க வேண்டும். அவளுக்கும் சுவருக்கும் நடுவில் உடம்பைக் குறுக்கிக்கொண்டுதான் படுக்க வேண்டும். புரண்டால் ஸ்டாண்டு முட்டியில் இடிக்கும். பேக்கரியில் நாள் முழுக்க நின்று பன் அடுக்கிவிட்டு வருகிறவள், காலை நீட்ட வழியில்லாமல் இத்தனை வருஷம் ஓட்டியிருக்கிறாள் பாருங்கள், அதற்கே அவளுக்கு ஒரு சிலை வைக்கலாம். வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொன்னதில்லை.

அப்புறம் ஒருநாள், சந்து மொத்தத்தையும் இடித்துவிட்டு நாலு மாடிக் கட்டடம் கட்டித் தருகிறோம் என்று கார்ப்பரேஷன் வந்து நின்றது. அதுவரைக்கும் இருங்கள் என்று தகரக் கொட்டகையில் போட்டு வாட்டி எடுத்தார்கள். ஆனால் சொன்னபடி கட்டியும் முடித்தார்கள், அதுதான் அதிசயம்! குழாய் வீட்டுக்குள்ளேயே, கக்கூஸ் வீட்டுக்குள்ளேயே. லிஃப்டுக்கு இடம் விட்டிருந்தார்கள், லிஃப்ட்தான் வரவில்லை. வண்டி நிறுத்த இடமே விடவில்லை. இதென்ன நியாயம் என்று ஓஸ்வால்டு கூட்டத்தில் எழுந்து கேட்டார். ஏழைகள் குடியிருப்பில் வண்டிக்கு இடம் ஒதுக்குவது பாலிசியில் இல்லை என்று இன்ஜினியர் அனந்தலக்ஷ்மி மேடம் தன்மையாகப் பதில் சொன்னார்.

"ஆனா எங்கிட்ட வண்டி இருக்குதே மேடம்?"

"பாலிசிப்படி இல்லைங்க சார்."

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. டோரதி சிரிக்கவில்லை. அவளுக்கு உள்ளுக்குள் ஜில்லென்று ஒரு யோசனை ஓடியது. கீழ் வீடு கிடைத்தால் பலகையைப் போட்டு ரோஸி உள்ளே வந்துவிடுவாள். மேல் மாடி கிடைத்தால்? ரோஸியால் படி ஏற முடியுமா? ஐயோ, முடியவே முடியாதே!

யாருக்கு எந்த வீடு என்பதைக் குலுக்கிப் போட்டுத்தான் முடிவு செய்வார்கள். வீடு பெண்கள் பேரில் என்பதால் சீட்டெடுப்பதும் பெண்கள்தான். தண்ணி நின்றுபோனால் குடம் தூக்கிப் பழகிய சனம், அதனால் சந்து முழுக்க ஒரே ஆசை: கீழ் வீடு. அந்தச் சந்தில் ஒரு வழக்கம் உண்டு. விவேக்நகர் குழந்தை இயேசு கோயிலுக்கு வியாழக்கிழமை போக முடியாதவர்கள், இந்து வீடோ கிறிஸ்தவ வீடோ, டோரதி கையில் மெழுகுவர்த்தியைக் கொடுத்து வேண்டுதலைச் சொல்லி அனுப்புவார்கள். அவள் ஒவ்வொன்றாகப் பற்றவைத்து, இது இன்னாருடையது, இன்னது கேட்கிறார் என்று சாமியிடம் பிசகாமல் ஒப்பித்துவிட்டு வருவாள்.

குலுக்கலுக்கு முந்தைய வியாழக்கிழமை அவள் பை பிதுங்கியது. பக்கத்து வீட்டு வள்ளியம்மாவுக்கு இடுப்பு வலி, படி ஏறினால் உயிர் போய் உயிர் வரும். ஆஸ்பத்திரி சர்டிபிகேட் கொண்டுவந்தால் குலுக்காமலே கீழ் வீடு தருகிறேன் என்று மேடம் சொல்லியிருந்தார். "நான் இன்னா நொண்டியா?" என்று வள்ளியம்மா வீம்பு பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரிப் பக்கமே போகவில்லை. மெழுகுவர்த்தியை மட்டும் நீட்டி, "டோரதி, வள்ளியம்மாவுக்குக் கீழ் வூடுன்னு அழுத்திச் சொல்லு, ஆமா" என்றாள். ஓஸ்வால்டு கொடுத்ததுதான் இருப்பதிலேயே பெரிய மெழுகுவர்த்தி.

"கீழ் வூடு, கேட்டு பக்கமா. ரோஸிக்குன்னு சொல்லு, சாமிக்குத் தெரியும்."

டோரதி தனக்கென்று ஒன்று வாங்கவில்லை. புருஷன் கேட்பதற்கு எதிராகத் தானும் ஒன்று ஏற்றுவதா என்று மனசு கேட்கவில்லை. ஆனால் அந்தப் பெரிய மெழுகுவர்த்தியைப் பற்றவைக்கும்போது வாய் சும்மா இருந்ததா? "குழந்தை சாமி, இது எங்க வூட்டுக்காரர்து. நீ இதைக் காதுல போட்டுக்காத" என்று கிசுகிசுத்துவிட்டது. சொன்ன வேகத்தில் குபுக்கென்று சிரிப்பு வந்துவிட, பக்கத்தில் ஜெபமாலை உருட்டிக்கொண்டிருந்த அம்மாள் முறைத்தாள்.

குலுக்கல் அன்று பந்தல், மைக், மேடை, கல்யாண வீடு தோற்றது. டோரதி பிளாஸ்டிக் குடத்துக்குள் கையை விட்டு ஒரு சீட்டை எடுத்துக் கொடுத்தாள். மேடம் பிரித்துப் படித்தார்.

"கிரவுண்ட் ஃப்ளோர்! கேட்டுக்குப் பக்கத்து வீடு!"

ஓஸ்வால்டு இந்த வயதில் விரலை மடித்து வைத்து விசில் அடித்தார். எல்லோரும் வந்து டோரதியின் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். சாமி பெரிய மெழுகுவர்த்திப் பக்கம் சாய்ந்துவிட்டார்! புது ஹாலின் வெள்ளை டைல்ஸில் ரோஸி சொட்டுச் சொட்டாக எண்ணெய் விடுவது இப்போதே அவள் கண்ணில் தெரிந்தது.

அடுத்து வள்ளியம்மா எடுத்தாள். நாலாவது மாடி, கடைசி வீடு. கேட்டதும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு மேடைப் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். "டோரதி, நீ சரியா சொன்னியா இல்லியா? சாமி என்னை மறந்துட்ச்சா?" என்று கண்ணைக் கசக்கினாள்.

எல்லோரும் எடுத்து முடித்ததும் மேடம் மைக்கைப் பிடித்தார். இரண்டு பேர் ஒத்துக்கொண்டு வீட்டை மாற்றிக்கொள்வதானால் இப்போதே மேடைக்கு வரலாம், சாவி வாங்கிய பிறகு மாற்ற முடியாது. யாரும் அசையவில்லை. கிடைத்த கீழ் வீட்டை விட யாருக்குப் பைத்தியம் பிடித்திருக்கிறது?

டோரதி எழுந்தாள். "வா வள்ளிக்கா" என்று வள்ளியம்மாவின் கையைப் பிடித்து மேடைக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

"டோரு! இன்னா பண்றே? ரோஸி எங்க நிக்கும்?" என்று பந்தலிலிருந்து ஓஸ்வால்டு கத்தினார்.

மேடத்துக்கும் ஆச்சரியம். எதற்காக அம்மா மாற்றிக்கொள்கிறீர்கள் என்று கேட்டார். டோரதி அவர் காதருகில் குனிந்து, யாருக்கும் கேட்காமல், "எனக்குக் காலை நீட்டிப் படுக்கணும் மேடம்" என்றாள்.

யாருக்கும் கேட்காமலா? மேடத்தின் கையிலிருந்த மைக் அணையவே இல்லை. மைதானம் முழுக்கக் கேட்டது. டோரதி ஒரு கணம் விழித்தாள். பிறகு, வெட்கமாவது ஒன்றாவது, மைக்கையே பிடுங்கிக்கொண்டாள்.

"ஆமா! ஸ்கூட்டரோட நடுவுல குடும்பம் நடத்துறேன் நானு! உங்க எல்லாருக்கும் சாமிகிட்ட கேட்டேன், எனக்குன்னு ஒண்ணும் கேக்கல. இப்போ கேக்கிறேன். எனக்கு மேல் மாடி வேணும்!"

கைதட்டலில் பந்தல் பிய்த்துக்கொண்டு போகாதது பெரிய விஷயம். பெண்களெல்லாம் நாற்காலி மேல் ஏறி நின்று கூவினார்கள். "அப்போ ரோஸி?" என்று ஓஸ்வால்டு பரிதாபமாகக் கேட்டார்.

வள்ளியம்மா இடுப்பு வலியையெல்லாம் மறந்து மைக்கைப் பறித்தாள். "என் வூட்டு ஹாலு சும்மாத்தான இருக்குது? கொண்டாந்து நிறுத்து. எண்ணெ கிண்ணெ சிந்துச்சு, பழைய இரும்புக்குப் போட்டுடுவேன்!"

குடிவந்த அன்று சாமான்களை எல்லாம் ஏற்றி முடித்த மதியம், டோரதி ஹாலின் நட்டநடுவில் மல்லாந்து படுத்தாள். காலை நீட்டினாள். கையையும் நீட்டினாள். எதிலும் இடிக்கவில்லை! இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர் வரைக்கும் உருண்டு போனாள், திரும்ப உருண்டு வந்தாள். தனியாகச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

மூச்சு வாங்க ஓஸ்வால்டு வாசலில் வந்து நின்றார். கையில் அந்தப் பலகை.

"அது எதுக்குங்க இங்க?"

அவர் பலகையைப் பார்த்தார். "பழக்கத்துல தூக்கினு வந்துட்டேன்" என்று அதைச் சுவரில் சாய்த்தார். பிறகு வெறும் ஹாலையும் அதன் நடுவில் கிடந்தவளையும் வெகுநேரம் பார்த்துக்கொண்டே நின்றார்.

"டோரு, இத்தன வருசமா நீ எங்கதான் படுத்துனு இருந்தே?"

அவள் பக்கத்துத் தரையைத் தட்டி, "வாங்க, நீங்களும் நீட்டுங்க" என்றாள். கீழேயிருந்து வள்ளியம்மாவின் குரல் மாடி மாடியாக ஏறி வந்தது: "யோவ் ஓஸ்வால்டு! உன் ரோஸி எண்ணெ ஊத்துறா!"

"நாலு மாடி எறங்கணும், அப்புறம் பாத்துக்கலாம்" என்று ஓஸ்வால்டு அவள் பக்கத்தில் காலை நீட்டிப் படுத்தார்.