திருவொற்றியூர் கலாசாலையில் காணாமல் போன தோடி

சங்கீதம், நாடகம், நடனம் மூன்றையும் ஒரே கட்டடத்தில் கற்பிக்கும் கலாசாலை ஒன்று திருவொற்றியூரில் இருக்கிறது. என் மகள் கமலத்தை அதில் சேர்க்க, ஆடி வெள்ளியன்று ராயபுரத்திலிருந்து அழைத்துப் போனேன். பெண்ணைச் சேர்க்க நினைக்கும் மற்றத் தாய்மார்களுக்கு உதவட்டும் என்று எழுதுகிறேன்.

காலை ஆறே காலுக்கு ஜட்கா ஏறினோம். ஏறக்குறைய நாலு மைல், ஆறணா. எட்டு மணிக்குப் பரீட்சை. முந்தின நாளிலிருந்தே எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. காரணம், கமலத்துக்குப் பாட்டு வாத்தியார் நான்தான். எங்கள் வீட்டில் கிராமபோன் கிடையாது. ஸ்வரம் போட்ட புத்தகத்தைப் பார்த்து நானாகக் கற்று, அவளுக்கும் சொல்லிக்கொடுத்தேன்.

தண்டையார்பேட்டை தாண்டியதும் உப்புக்காரி ஒருத்தி, "உப்போ... ஓ..." என்று இழுத்துக் கூவிக்கொண்டு போனாள். கமலம் அதையே முணுமுணுத்தாள்.

"சும்மா இரு, ஸ்வரம் கெட்டுவிடும்" என்று அதட்டினேன்.

"பாடட்டுமே, இன்னா இப்போ?" என்றான் வண்டிக்காரன். "குதிரகூட காத தூக்கிகினு கேக்குது. நீதாம்மா நடுங்கிகினு கீற. பரீட்ச கொயந்தைக்கா, ஒனக்கா?"

திருவொற்றியூர்க் கோயிலில் ஆடி வெள்ளிக் கூட்டம். நேரமாகிவிடும் என்று கோபுரத்தைப் பார்த்துக் கும்பிட்டதோடு வந்துவிட்டேன். அது வேறு மனதை உறுத்தியது.

கலாசாலையில் ஒரு பக்கம் சலங்கைச் சத்தம், மறுபக்கம் நாடக ராஜா ஒருவரின் அழுகை. நடுஅறையில் கமலம் தோடி ராகம் பாடினாள். ஒரு ஸ்வரம் தப்பவில்லை. பரீட்சை வைத்த வாத்தியார் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"ஸ்வரமெல்லாம் சரியா இருக்கு. தோடியைத்தான் காணோம். யார்கிட்டே பாடம்?"

கமலம் என்னைப் பார்த்தாள். "நான்தான். புத்தகத்தைப் பார்த்து" என்றேன்.

"அதான் எல்லாம் கோடு போட்டாப்பல நேரா நிக்கறது. ராகத்தோட அசைவை அச்சுலே காட்ட முடியாதேம்மா." பிறகு அவளிடம், "புத்தகத்திலே இல்லாதது ஏதாவது பாடு" என்றார்.

கமலம் சற்று யோசித்து, "உப்போ... ஓ..." என்று இழுத்தாள். குரல் வழுக்கி, அசைந்து, மேலே போய் நின்றது. எனக்கு உடம்பு கூசியது. வாத்தியாரோ நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"தொண்டை அசையறது. திங்கட்கிழமை கொண்டு விடுங்கோ. தோடியை மட்டும் மறக்கச் சொல்லுங்கோ."

போகிறவர்களுக்கு இரண்டு வார்த்தை. வெள்ளிக்கிழமை வேண்டாம், போனால் கோயிலைப் பரீட்சைக்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள். யாரிடம் பாடம் என்று கேட்டால் மறைக்காதீர்கள்.

திரும்புகையில் தரிசன வரிசையில் ஒரு மணி நேரம் நின்றோம். "அந்த உப்புக்காரி எப்படி இழுத்தாள்? எனக்கும் சொல்லிக்கொடு" என்று கமலத்திடம் மெல்லக் கேட்டேன். சன்னதி வரும்வரை சொல்லிக்கொடுத்தாள். எனக்கு இன்னும் நேராகத்தான் வருகிறது.