பின்கோடு வாரியாகப் பிரித்த சங்கம்

இல்லை, போனிலேயே பேசி முடித்திருக்க முடியாது. அலுவலக ஊழியர் சங்கத்தின் மூன்று கிளைகளைக் கலைத்து வேறு விதமாகச் சேர்ப்பதென்றால் நேரில் போகத்தான் வேண்டும். போன சனிக்கிழமை போனேன். ஆனால் கிளம்பும் முன்பே ஒரு காரியத்தைச் செய்துவிட்டிருந்தேன்.

கிளைகளைக் கவனிக்கும் பொறுப்பு எனக்குப் புதிது. பழைய பிரிவினையில் எனக்கு ஒரு ஒழுங்கும் தெரியவில்லை. நூம்பலில் குடியிருப்பவர் ஆவடிக் கிளையில். அவர் பக்கத்துத் தெருக்காரர் அம்பத்தூர்க் கிளையில். கூட்டத்துக்கு யாரும் வருவதில்லை. பின்கோடு வாரியாகப் பிரித்தால் நடந்தே வரலாமே. யோசனை என்னுடையது. பூந்தமல்லிப் பகுதிக்கு ஒரு வாட்ஸ்அப் குழு தொடங்கி, பெயரும் நிறுவனமும் உள்ள பட்டியலை அதில் போட்டேன். வீட்டைப் பூட்டினேன்.

காலை 9.10, அம்பத்தூர் ரயில் நிலையம். தொழிற்பேட்டைக்கு ஷேர் ஆட்டோ, இருபது ரூபாய். அம்பத்தூர்க் கிளைச் செயலாளர் செல்வம் அண்ணன் அங்கே ஒரு கம்பெனியில் கணக்குப் பிரிவில் இருக்கிறார். டீக்கடையில் நின்றபடி என் பட்டியலைப் படித்தார்.

"இத்த யாருக்குனா அனுப்பிட்டியாம்மா?"

"பூந்தமல்லிக்கு மட்டும்."

கிளாஸைக் கீழே வைத்தார். "இன்னாம்மா நீ! ஒரே டீம்ல கீறவங்கள ஒரே கிளையில போடவே மாட்டோம். பக்கத்து சீட்ல கீறவன் மெம்பரான்னு யாருக்கும் தெரியக் கூடாது. அதுக்குத்தான் அப்டி பிரிச்சு வெச்சுக்கீறோம்."

பட்டியலைப் பார்த்தேன். நூம்பல்: கவிதா, ரகு. ஒரே நிறுவனம். திங்கட்கிழமைக்குள் ராஜினாமா கொடு என்று கவிதாவை அலுவலகத்தில் நெருக்குகிறார்கள். கையெழுத்துப் போடாதீர்கள் என்று சொல்லியிருந்தது சங்கம்.

பதிவை அழித்தேன். அதற்குள் எல்லோரும் பார்த்திருந்தார்கள். கவிதா போனை எடுக்கவில்லை.

ஆவடிக்குப் போக வேண்டிய ரயிலை விட்டுவிட்டு ஆட்டோ பிடித்தேன். ஆட்டோக்காரர் முந்நூறு கேட்டார், இருநூற்றெண்பதுக்கு வந்தார். திருவேற்காடு வழியாகப் பதினொரு கிலோமீட்டர், ஐம்பது நிமிடம். சாலை முழுக்கத் தோண்டியிருந்தது.

"இன்னாம்மா, போனையே மொறச்சினு வர்ற? ஆபீஸ் பிரச்சனையா?"

"சங்கத்துப் பிரச்சனைண்ணா."

"எங்க ஸ்டாண்டுலயும் சங்கம் கீது. இத்தாம் பெரிய போர்டு. உங்க போர்டு எங்க கீது?"

போர்டு இல்லை என்றேன். சிரித்தார். "போர்டு இல்லாத சங்கமா? திருட்டு கல்யாணம் மாரி கீதே!"

நான் சங்கத்தில் இருப்பதை என் அலுவலகத்தில் நானும் சொன்னதில்லை.

10.50. நூம்பல், இரண்டாவது மாடி. கவிதா கதவைத் திறந்தார். கையில் போன்.

"ரகு சாரும் நம்ம சங்கமா?" என்றார். "ரிசைன் பண்ணுன்னு சொன்னதே அவர்தாங்க. என் டீம் லீடர். 'யாரு உனக்கு இதெல்லாம் சொல்லித் தர்றாங்க'ன்னு கேட்டுட்டே இருந்தாரு. இப்ப தெரிஞ்சிருக்கும்."

மன்னிப்புக் கேட்டேன்.

"என்னைப் பத்தி மேல சொன்னா அவர் பேரும் வெளிய வரும். அவருக்கும் பயம் இருக்கும்ல?" என்னைக் கேட்கவில்லை, தன்னையே கேட்டுக்கொண்டார்.

11.20. குழுவிலிருந்து ரகு வெளியேறியதாகத் திரையில் ஒரு வரி. இருவரும் படித்தோம். அதற்கு என்ன அர்த்தம் என்று இருவருக்குமே தெரியவில்லை. கவிதாவை நெருக்கச் சொல்லி ரகுவை மேலிருந்து நெருக்கியது யாரோ. அதைச் சொல்லத்தான் அவர் சங்கத்துக்கு வந்தாரோ என்னவோ.

"திங்கக்கிழமை அவர் ரூமுக்குத்தான் போகணும். தனியா."

"நான் கூட வரவா?"

உள்ளே குக்கர் விசில் அடித்தது. போய் அடுப்பை அணைத்துவிட்டு வந்தார்.

"வாங்க."

இந்த வழியில் கிளைகளைப் பார்க்கப் போகிறவர்களுக்கு: அவசரமில்லை என்றால் ஆட்டோ வேண்டாம். நூம்பலுக்குத் திருவேற்காட்டில் பஸ் மாறி வேலப்பன்சாவடியில் இறங்குங்கள். சாதாரணப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. ஒருவர் பெயரை இன்னொருவரிடம் சொல்லும் முன் அவரைக் கேளுங்கள். ஒரு கிளை ஏன் இப்படி இருக்கிறது என்று, அதைக் கலைப்பதற்கு முன் கேளுங்கள். நான் கேட்கவில்லை. எனக்குக் குழப்பமாகத் தெரிந்தது வேறொருவர் கவனமாகச் செய்த ஏற்பாடு.

ஞாயிற்றுக்கிழமை செல்வம் அண்ணனிடம் எல்லாப் பட்டியலையும் திருப்பிக் கொடுத்தேன். திங்கட்கிழமை விடுப்பு எடுத்தேன். கவிதாவை ராஜினாமா செய்யச் சொல்லி நெருக்கக் கூடாது என்ற சங்கத்தின் கடிதத்தில் என் முழுப் பெயரை எழுதிக் கையெழுத்திட்டு, ஒன்பதரை மணிக்குக் கவிதாவுடன் அவர் அலுவலக வரவேற்பறையில் கொடுத்தேன்.