மரகதம் சாகாத பதிப்பு

பதுளை பஸ் நிலையத்துக்கு எதிரே புத்தகக் கடை வைத்திருந்த ஹுமைத், தொண்ணூற்றெட்டாம் ஆண்டில் பழைய மர்ம நாவல்களை மறுபடியும் அச்சிடத் தொடங்கினார். எழுபதுகளில் அதே ஊர் அச்சகங்களில் மலிவுத் தாளில் வெளிவந்து, கை மாறிக் கை மாறிக் கிழிந்து, மறக்கப்பட்டுப் போனவை அவை. முதலில் ஒரு பேய்க் கதை போட்டார். வெலிமடை பஸ்ஸில் ஏறுகிறவர்கள் கச்சான் கடலைச் சுருளோடு அதையும் வாங்கிப் போனார்கள். அடுத்ததாக அவர் தேடியது ‘ஆறாம் நம்பர் மலையில் ஒரு பிணம்’. அதை எழுதிய தர்மராசா உயிரோடுதான் இருந்தார்.

தர்மராசா யாழ்ப்பாணத்துக்காரர். திடீர் மரண விசாரணை அதிகாரி ஒருவரின் எழுத்தராகப் பதுளைக்கு வந்து, இங்கேயே நரைத்துப் போனவர். எண்பத்து மூன்று ஆடிக் கலவரத்தில் வீடு எரிந்தபோது அவருடைய புத்தகங்களும் எரிந்தன. பிள்ளைகளோடு யாழ்ப்பாணம் போன மனைவி திரும்பி வரவில்லை. வாடகை அறையில் தனியாகச் சமைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்த மனிதரிடம் ஹுமைத் போய் நின்றபோது, அவர் கேட்டது ஒன்றுதான்.

“கடைசி அத்தியாயத்தோடை போடுவீரோ?”

“அதென்ன சேர் கேள்வி? கடைசி இல்லாத கதைய யாரு வாங்குவா?”

அந்தக் கடைசி அத்தியாயத்துக்காகத்தான் அவர் நாவலையே எழுதியிருந்தார். எழுபத்து மூன்றில் ஒரு மழைக்காலத்தில், ஆற்றில் ஒதுங்கிய ஒரு பெண்ணின் பிணம் விசாரணைக்கு வந்தது. முகம் அடையாளம் தெரியவில்லை. இடது கையில் தேள் உருவத்தில் பச்சை குத்தியிருந்தது. ‘பெயர் தெரியாத பெண், நீரில் மூழ்கி மரணம்’ என்று அதிகாரி சொல்ல, தர்மராசா எழுதினார். புதைத்தும் ஆயிற்று. பிறகுதான், ஸ்பிரிங்வெளிக்கு அப்பால் ஒரு தோட்டத்தில் ஜெயலெட்சுமி என்ற கொழுந்து எடுக்கும் பெண் காணாமல் போனதும், அவள் கையில் அதே பச்சை இருந்ததும் அவர் காதுக்கு வந்தது. அவளைத் தேயிலைத் தொழிற்சாலைக்குப் பின்னால் வைத்துக் கழுத்தை நெரித்தவன் அந்தத் தொழிற்சாலைக்குப் பொறுப்பான டீமேக்கர் என்று, கண்ணால் கண்ட காவற்காரன் அவரிடம் வந்து அழுதான். சாட்சி சொல்ல மாட்டேன் என்றும் அழுதான். டீமேக்கரோ, அவள் லொறிக்காரனோடு கொழும்புக்கு ஓடிவிட்டாள் என்று தோட்டம் முழுக்கப் பரப்பியிருந்தான். தர்மராசா அதிகாரியிடம் பேசிப் பார்த்தார். முடிந்ததைக் கிளறாதே என்று பதில் வந்தது. வேறு வழி தெரியாமல் அதைக் கதையாக்கினார். ஜெயலெட்சுமி மரகதம் ஆனாள். கடைசி அத்தியாயத்தில், பச்சையை வைத்துப் பிணம் மரகதம்தான் என்று தெரியவரும்; டீமேக்கர் பிடிபடுவான்.

புத்தகம் வந்த வேகத்திலேயே கடையில் இருந்தவற்றை டீமேக்கரின் ஆட்கள் மொத்தமாக வாங்கிப் போனார்கள். தப்பியது ஜெயலெட்சுமியின் தோட்டத்தில், தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்குப் போன பிரதி மட்டும்.

லயத்தில் அந்தக் காலத்தில் நாவல் வாசிக்கும் முறையே வேறு. ஒரு புத்தகத்தைப் பல வீட்டார் சேர்ந்து வாங்குவார்கள். தையலைப் பிரித்து வீட்டுக்கு ஒரு துண்டாகப் பங்கிட்டு, வாசித்ததை மாற்றிக்கொள்வார்கள். கடைசித் துண்டு மட்டும் யார் பங்கிலும் வராது. ஒருவர் முடிவை உளறிவிட்டால் மற்றவர்களுக்குச் சுவை போய்விடும் அல்லவா? அதனால் அது சத்தமாக வாசிக்கிற ஆளிடம் இருக்கும். ஞாயிற்றுக்கிழமை, தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரையில் எல்லோரும் கூடியிருக்க, அது வாசிக்கப்படும். அந்த லயத்தில் வாசிக்கிறவள் தனலெட்சுமி. காணாமல் போன ஜெயலெட்சுமியின் தங்கை.

இத்தனை ஆண்டு கழித்து, தர்மராசாவும் ஹுமைத்தும் அந்த லயத்தில் வீடு வீடாக ஏறி இறங்கினார்கள். ஒரு துண்டு டிரங்குப் பெட்டியின் அடியில் விரிக்கப்பட்டுக் கிடந்தது. இன்னொன்று சாமிப் படத்துக்குப் பின்னால் இருந்தது. எல்லாவற்றிலும் அடுப்புப் புகையின் வாசம். கடைசித் துண்டு மட்டும் இல்லை.

“அது இந்தியாவுக்குப் போனவங்களோட போயிருச்சுங்க,” என்றாள் தனலெட்சுமி, அவர் முகத்தைப் பாராமல். தோட்டத்து ஆட்களை இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பிய ஒப்பந்தத்தில் கப்பலேறியவர்கள் எத்தனையோ பேர். தர்மராசா நம்பினார்.

கடைசி அத்தியாயத்தை ஞாபகத்திலிருந்து மறுபடி எழுதிக் கொண்டுபோய்க் கொடுத்தார். ஹுமைத் வாசித்துவிட்டுத் தலையைச் சொறிந்தார்.

“கோவிக்க வேணாம் சேர். தோட்டத்துல எல்லாரும் வேற முடிவுதான் சொல்றாங்க. அந்தப் பொணம் வேற யாரோ. மரகதம் கொழும்புல ஒரு பெரிய வீட்டுல நல்லா இருக்கா, தாய நெனச்சு அழுறா. அத்தோட முற்றும்.”

“நான் அப்பிடி எழுதேல்லை.”

“இருபத்தஞ்சு வருஷம் சேர். எனக்கு நேத்து சாப்பிட்டதே ஞாபகமில்ல.”

“எழுதினவன் நான்.”

“எழுதினது ஒரு ஆள். கேட்டது ஒரு தோட்டம்.”

மறுநாள் தர்மராசா தனியாகத் தோட்டத்துக்குப் போனார். தனலெட்சுமி பீலியில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தாள்.

“பிள்ளை, முடிவை ஆர் மாத்தினது?”

அவள் குடத்தை ஒதுக்கி வைத்தாள். “நான்தாங்கய்யா.”

“அப்ப அந்தக் கடைசித் துண்டு?”

“கப்பல்லயும் போகல, ஒண்ணுலயும் போகல. அன்னைக்கே அடுப்புல வச்சேன். சத்தமா வாசிக்கிறதுக்கு முந்தி மனசுக்குள்ள ஒருவாட்டி வாசிச்சுப் பாப்பேன். தேளுன்னு பாத்ததுமே அக்காதான்னு தெரிஞ்சுபோச்சு. அந்தப் பச்சைய குத்துறப்ப அக்கா கையப் புடிச்சுக்கிட்டு இருந்தவ நான். அம்மாவுக்குக் கதை ஆரம்பத்துலயே தெரிஞ்சிருச்சு, இது நம்ம புள்ள கதைன்னு. முடிவுல அவ எங்க இருக்கான்னு தெரிஞ்சிரும்னு முன்னாடி வந்து ஒக்காந்துருந்துச்சு. நான் எப்படிங்கய்யா வாசிப்பேன்? தாளப் பாத்துக்கிட்டே வாயில வந்தத சொன்னேன்.”

“நான் அவனைக் காட்டிக் குடுத்தது அந்த ஒரு இடத்திலைதான்.”

“தெரியும்.”

“அவன் இப்பவும் பதுளையிலை கோயில் திருவிழாவுக்கு முன்னுக்கு நிக்கிறான்.”

“அதுவும் தெரியுங்கய்யா. அவன் வர்ற ரோட்டுல ஒதுங்கி நிக்கிறவ நான்.”

லயத்துக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது. “யாரு தனம், கதை எழுதுன ஐயாவா? உள்ள கூட்டியா.”

தாய்க்குப் பார்வை மங்கியிருந்தது. அவரை உட்காரச் சொல்லி, மகளைத் தேயிலைச் சாயத்தண்ணி ஊற்றச் சொன்னாள். பிறகு அவர் பக்கம் குனிந்து மெதுவாகக் கேட்டாள்.

“கொழும்புல எந்தத் தெருன்னு எழுதாம விட்டுட்டீங்களேய்யா. ஆள் அனுப்பிக் கேக்கலாம்னா தெரு தெரியல. புதுப் பொஸ்தகத்துலயாவது போடுவீங்களா?”

தர்மராசா நிமிர்ந்து பார்த்தார். தனலெட்சுமி அடுப்பின் முன்னால் அவருக்கு முதுகு காட்டி நின்றாள்.

“போடுறன் அம்மா,” என்றார்.

தனலெட்சுமி சொல்லச் சொல்ல, அவளுடைய முடிவை அவரே எழுதினார். கொழும்பில் இல்லாத ஒரு தெருவுக்குப் பெயரும் வைத்தார். எழுதும்போது அவர் கண்ணீர் விட்டார். அந்தக் கண்ணீரையும் அந்தப் பெயரற்ற பிணத்தையும் தவிர உண்மையான முடிவுக்கு அவரிடம் வேறு சாட்சி இல்லை.

புத்தகம் நன்றாக விற்றது. தாய் அந்தத் தெருப் பெயரை வருகிறவர் போகிறவரிடமெல்லாம் வாசிக்கச் சொல்லிக் கேட்டாள். கொழும்புக்கு வேலைக்குப் போன பையன்கள் தேடிப் பார்த்துவிட்டு, கிடைக்கவில்லை என்றார்கள். சரியாகத் தேடவில்லை என்று அவர்களைத் திட்டினாள். இரண்டாயிரத்து மூன்றில் அவள் இறந்துபோனாள்.

காரியம் முடிந்ததும் தனலெட்சுமி பதுளைக்கு வந்து, தர்மராசாவையும் கூட்டிக்கொண்டு ஹுமைத்தின் கடைக்குப் போனாள். இரண்டாம் பதிப்பு அச்சுக்குப் போக இருந்தது.

“மொதலாளி, இப்ப ஐயா எழுதுன முடிவப் போடுங்க. கேட்டு அழ ஆளு இல்ல.”

ஹுமைத் கெட்டவர் அல்ல. இருவருக்கும் தேநீர் வரவழைத்தார். “மரகதத்த சாகடிச்சா யாரு வாங்குவா? மனசு ஆறத்தானே வாங்குறாங்க. புது முடிவப் போட்டா ஏமாத்திட்டேன்னு எங்கிட்டதான் சண்டைக்கு வருவாங்க.”

“அது புது முடிவில்லை. அதுதான் முடிவு,” என்றார் தர்மராசா.

“அதுக்கு அத்தாட்சி இருக்கா சேர்?”

“எங்க அக்காவக் கொன்னவன் இன்னும் உசுரோட இருக்கான் மொதலாளி,” என்றாள் தனலெட்சுமி.

ஹுமைத் அவளை இரக்கத்தோடு பார்த்தார். தாயைப் பறிகொடுத்தவள், ஏதோ பேசுகிறாள் என்று நினைத்திருக்க வேண்டும்.

“புள்ள, இது கதைதானே.”

உண்மையைச் சொல்லப் பயந்து கதைக்குள் ஒளித்து வைத்தவரும், தாய்க்காக அதை அடுப்பில் வைத்தவளும் தேநீரைக் குடிக்காமலே எழுந்தார்கள்.

தர்மராசா அவளை ஸ்பிரிங்வெளி பஸ்ஸில் ஏற்றிவிட்டுப் போனார். பக்கத்து இருக்கையில் ஓர் இளம்பெண் அந்தப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் இருந்தாள். முடித்து மூடிவிட்டு, முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

“இது வாசிச்சிருக்கீங்களாக்கா? நெஞ்சு அடிச்சுக்கிட்டே வந்துச்சு, எங்க செத்துருவாளோன்னு. நல்ல வேளை, சாகல.”

தனலெட்சுமி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

“ஆமா,” என்றாள். “கொழும்புல இருக்கா.”