காலண்டர் மட்டும் ஆடியது

ஒன்பது வயதில் நான் ஒருவரையும் நம்பியதில்லை. பள்ளிக்கூடத்தில் ரப்பர் காணாமல் போனால் பக்கத்தில் இருப்பவளின் பையைக் கொட்டிப் பார்ப்பேன். பிஸ்கட் பாக்கெட்டைப் பிரித்தால் மீதியை எண்ணிவைத்துவிட்டுத்தான் விளையாடப் போவேன். இந்தக் குணத்துக்கு உரம் போட்டது, நானும் அம்மாவும் தினமும் பார்த்த எட்டரை மணி சீரியல். அதில் ஒருவன் ஃபாரின் போவதாகச் சொல்லிப் பெட்டியோடு கிளம்பி, பக்கத்து ஊரிலேயே இன்னொரு குடும்பம் நடத்திக்கொண்டிருந்தான். அம்மா அவனைத் திட்டித் தீர்ப்பாள். நான் திட்டவில்லை. என் அப்பாவும் பெட்டியோடு ஃபாரின் போனவர்தானே என்று யோசிக்க ஆரம்பித்திருந்தேன்.

அப்பா துபாய்க்குப் போய் இரண்டு வருடம் ஆகியிருந்தது. கறம்பக்குடிப் பக்கம் எங்கள் ஊரில் தெருவுக்கு நாலைந்து வீடுகள் அப்படித்தான் இருந்தன. வெள்ளிக்கிழமை அவருக்கு லீவு. நான் பள்ளிவிட்டு வந்து கால் கழுவுவதற்குள் வீடியோ கால் வந்துவிடும். அதற்கு முன்பே அம்மா நல்ல சேலைக்கு மாறி, பூ வைத்துக்கொண்டு, நீலம் அடித்த சுவருக்கு முன்னால் இரண்டு நாற்காலிகளைப் போட்டு வைத்திருப்பாள். ஏன் அங்கேயே உட்கார வேண்டும் என்று கேட்டால், "இங்கிட்டுத்தான் வெளிச்சம் நல்லா விழுது" என்பாள். அதை நான் நம்பினேன். அந்த வயதில் நான் நம்பிய ஒரே விஷயம் அதுவாகத்தான் இருக்கும்.

அப்பா விஷயத்தில் எனக்கு ஏகப்பட்ட சந்தேகம். தனி ரூம், ஏசி, சூப்பர்வைசர் வேலை என்று சொல்லியிருந்தார். ஆனால் பின்னால் யாரோ இருமுவார்கள். தமிழில் யாரோ யாரையோ சோற்றுக்குக் கூப்பிடுவார்கள். எல்லாவற்றுக்கும் மேலே, அவர் தலைக்குப் பின்னால் ஒரு தமிழ்த் தினசரிக் காலண்டர் தொங்கியது. துபாயில் எப்படித் தமிழ்க் காலண்டர் இருக்கும்? அப்பா திருச்சியில்தான் இருக்கிறார் என்று முடிவு கட்டினேன். இருமுவது அந்த இன்னொரு வீட்டு மாமனாராக இருக்கலாம்.

கடைசி ஆதாரம் ஒரு சட்டை. ஊரிலிருந்து போன ஒருவரிடம் அம்மா அப்பாவுக்கு வெளிர்மஞ்சள் சட்டை கொடுத்துவிட்டிருந்தாள். அதில் மேலிருந்து இரண்டாவது பொத்தான் விழுந்திருந்ததால், என் பழைய யூனிஃபார்மிலிருந்து ஒரு கறுப்புப் பொத்தானை எடுத்துத் தைத்தாள். வெள்ளிக்கிழமை தவறாமல் அப்பா அந்தச் சட்டையில்தான் வருவார். ஒரு வெள்ளிக்கிழமை அவரோடு பேசி முடித்துவிட்டு, வீட்டுப்பாடம் கேட்க அடுத்த தெருவில் இருந்த என் கூட்டாளி வீட்டுக்குப் போனேன். அவள் அப்பாவும் துபாயில் இருந்தார். அப்போதுதான் அவருடைய கால் வந்தது. எட்டிப் பார்த்தேன். அதே சுவர், அதே காலண்டர், அதே மஞ்சள் சட்டை. இரண்டாவது பொத்தான் கறுப்பு.

நான் யாரிடமும் மூச்சு விடவில்லை. இரண்டு அப்பாக்களும் கூட்டுச் சேர்ந்துதான் ஊரை ஏமாற்றுகிறார்கள் என்று புரிந்துவிட்டது. அப்பா இனிமேல் வரவே மாட்டாரோ என்ற பயத்தில் அந்த வாரம் முழுக்கச் சோறு இறங்கவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை நல்ல மழை. அப்பா அதே சட்டையில் சிரித்துக்கொண்டு வந்தார்.

"மழை கொட்டுதாமே, வீடு ஒழுகலையே?" என்று கேட்டார்.

"ஒரு சொட்டுக்கூட இல்லைங்க. நீங்க சாப்டீங்களா?" என்றாள் அம்மா.

எனக்கு இந்த விசாரிப்பெல்லாம் தேவைப்படவில்லை. போனைப் பிடுங்கினேன்.

"அப்பா, ஒங்க ரூமச் சுத்திக் காட்டுங்க."

"என்னாத்தா இருக்கு பாக்க? சின்ன ரூமு."

"காட்டுங்க. ஒங்க சட்டை எப்படி என் கூட்டாளி அப்பாகிட்ட போச்சு?"

அப்பா அப்படியே நின்றுவிட்டார். வாய் பாதி திறந்திருந்தது, கை காதருகில் நின்றது. நெட் சிக்கினால் படம் அப்படித்தான் உறையும் என்று எனக்கும் தெரியும். ஆனால் அவர் தலைக்குப் பின்னால் காலண்டர் தாள் ஃபேன் காற்றில் படபடத்துக்கொண்டிருந்தது.

"அம்மா! காலண்டர் ஆடுது! அப்பா சும்மா நடிக்கிறாங்க!"

உறைந்திருந்த அப்பா கண்ணைச் சிமிட்டினார். அம்மா என் தொடையில் ஒரு கிள்ளு கிள்ளிவிட்டுப் போனை வாங்கினாள்.

"இங்கயும் ஒண்ணும் தெரியலைங்க. மழையில நெட்டு போயிருச்சு. அடுத்த வாரம் பேசுவோம். ஒடம்பப் பாத்துக்கங்க" என்று, சிலையாக இருந்தவரிடம் நிதானமாகச் சொல்லிவிட்டு வைத்தாள்.

நெட் போயிருந்தால் அவருக்கு எப்படிக் கேட்கும்? அப்படியானால் அம்மாவும் உடந்தை. எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அப்பாவுக்குத் திருச்சியில் இன்னொரு வீடு இருக்கிறது என்று தேம்பித் தேம்பிச் சொன்னேன். அம்மா விழுந்து விழுந்து சிரித்தாள். சிரிப்பு முடிந்தும் வெகுநேரம் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அன்றோடு எட்டரை மணி சீரியல் எங்கள் வீட்டில் நின்றது.

நான் கல்லூரி முடிக்கும்போது அப்பா ஒரேயடியாக ஊருக்கு வந்துவிட்டார். ஒருநாள் அவராகவே சிரித்துக்கொண்டு சொன்னார். ஒரு ரூமில் எட்டுப் பேர். அடுக்குக் கட்டில்கள் மறைக்காத சுவர் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. சிமெண்ட் கறை படாத சட்டையும் ஒன்றுதான். வெள்ளிக்கிழமை அந்தச் சட்டையை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டு, அந்தச் சுவருக்கு முன்னால் வரிசையாக உட்கார்ந்து எட்டு வீட்டோடும் பேசியிருக்கிறார்கள். காலண்டர், பொன்னமராவதிக்காரர் ஒருவர் கொண்டுபோனது.

"ஒன் கண்ணு ஒரு கண்ணாத்தா?" என்றார். அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

அவர் மெச்சியபோதுதான் அந்த வெள்ளிக்கிழமையின் மிச்சம் நினைவுக்கு வந்தது. போனை வைத்ததும் அம்மா எழுந்து கூடத்தின் மறுபக்கம் போனாள். அங்கே ஓட்டிலிருந்து ஒழுகிய இடங்களில் மூன்று வாளிகள் இருந்தன. சொட்டுகிற சத்தம் கேட்காதபடி ஒவ்வொன்றிலும் என் பழைய பாவாடைத் துணி கிடந்தது. அவற்றை எடுத்துப் பிழிந்து கொடியில் போட்டாள். அதற்குப் பிறகு வாளிகள் டொக் டொக்கென்று சத்தம் போட ஆரம்பித்தன. நான் அழுதுகொண்டே அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். எல்லாவற்றையும் சந்தேகப்பட்ட நான், அதை மட்டும் ஏன் என்று கேட்கவில்லை.