உலைக்கு வராத ஆறு துண்டுகள்

பாலிஷ் அக்காவுக்கு ஓரகத்தியைத் தவிர வேறு யார் மேலும் பொறாமை கிடையாது. அந்த ஒருத்தி மேல் இருந்ததைப் பத்துப் பேருக்குப் பங்கு வைத்தாலும் மிச்சம் இருக்கும்.

ஓரகத்தி என்றால் கொழுந்தன் மனைவி, படித்தவள். கல்யாணமாகி வந்த வருடமே எங்கள் உலோக ஆய்வகத்தில் ஆராய்ச்சியாளராகச் சேர்ந்துவிட்டாள். அக்கா இருபது வருடமாக நின்றுகொண்டே வெள்ளித் துண்டுகளைத் தேய்த்துப் பாலிஷ் போட்ட இடத்தில், அவளுக்கு வந்ததும் தனி அறை, சுழல் நாற்காலி. வீட்டில் எதற்கெடுத்தாலும் மாமியார் "சின்னவளைக் கேளுங்க" என்று ஆரம்பித்துவிட்டாராம். வீட்டிலும் அவள், வேலையிலும் அவள் என்றால் யாருக்குத்தான் வயிறு எரியாது? எனக்கே எரிந்தது. நான் வெறும் உலைக்காரன்.

வெள்ளிக்குள் அணுக்கள் எவ்வளவு வேகமாக இடம் மாறுகின்றன என்று அளப்பதுதான் எங்கள் பிரிவின் வேலை. பொத்தான் அளவு துண்டை உப்புத்தாளில் தேய்த்துக் கண்ணாடி மாதிரி ஆக்கி, அதன் ஒரு முகத்தில் கதிர்வீசும் வெள்ளியை மெல்லிசாகப் பூசுவார்கள். சில நாள் மிதமான சூட்டில் வைப்பார்கள். பிறகு படலம் படலமாகச் சுரண்டி, கதிர் எந்த ஆழம் வரை போயிருக்கிறது என்று பார்ப்பார்கள்.

ஆனால் பூசுவதற்கு முன், தேய்த்த துண்டு ஒரு நாள் முழுக்க என் உலையில் நல்ல சூட்டில் கிடந்தாக வேண்டும். தேய்க்கிற அழுத்தத்தில் உள்ளே அணுக்களின் வரிசை கலைந்துபோகும். வரிசை கலைந்தால் நடுவில் புகுந்து ஓடுகிறவர்கள் உண்டல்லவா, அணுவும் அப்படித்தான். உலைச் சூட்டில்தான் வரிசை மறுபடி ஒழுங்காகும். கண்ணுக்கு இரண்டு வகைத் துண்டும் ஒன்றுபோலவே பளபளக்கும்.

அக்கா இத்தனை வருடமாகத் தேய்த்துக் கொடுத்த துண்டுகளில் அளந்த எண்கள் கண்ணாடிச் சட்டம் போட்ட அட்டவணையாகக் கூடத்தில் தொங்கின. பெற்ற பிள்ளைகளைப் பற்றிக்கூட அவர் அவ்வளவு பெருமை பேசியதில்லை.

சின்னவள் தன் முதல் சோதனைக்கு ஆறு துண்டு கேட்டாள். அக்கா சிரித்த முகத்தோடு கொடுத்தார். அந்த ஆறும் என் உலைக்கு வரவே இல்லை. கவனித்தேன், வாயைத் திறக்கவில்லை. அவள் கணக்கு தாறுமாறாகி இயக்குநர் முன்னால் முழிக்க வேண்டும் என்பது அக்காவின் திட்டம். பார்க்க எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது.

கெடுவான் கேடு நினைப்பான் என்பது சும்மா இல்லை. அக்காவின் கை அவ்வளவு சீரான கை. ஆறு துண்டும் ஒரே மாதிரி கெட்டிருந்ததால், சொல்லிவைத்தாற்போல் ஆறும் ஒரே விடையைத் தந்தன: அட்டவணையில் இருப்பதைவிட ஐம்பது மடங்கு வேகம். "இவ்வளவு சுத்தமான அளவை நான் பார்த்ததில்லை, பழைய எண்கள்தான் தப்பு, அட்டவணையைக் கழற்றுங்கள்" என்று இயக்குநர் சொல்லிவிட்டார்.

சொன்னால் சதி வெளியே வரும். சொல்லாவிட்டால் இருபது வருட உழைப்பு குப்பைக்குப் போகும். அக்கா மூன்று நாள் அந்த அட்டவணையையே சுற்றிச் சுற்றி வந்தார். நான்காம் நாள் காலை அதைக் கழற்றக் கூடத்துக்கு ஏணி வந்தது; இயக்குநரும் சின்னவளும் வந்து நின்றார்கள். அக்கா போய் ஏணியின் காலைப் பிடித்துக்கொண்டார்.

"அந்த ஆறும் உலைக்குப் போகாத துண்டு சார். தெரிஞ்சேதான் குடுத்தேன். என் அட்டவணையில தப்பில்ல."

இயக்குநருக்கு முகம் சிவந்தது. சின்னவள் கோபப்படவில்லை. அக்கா பக்கம் திரும்பினாள்.

"அக்கா, இன்னும் பன்னெண்டு துண்டு தேய்ச்சுத் தர்றீங்களா? ஆறு உலையில வச்சது, ஆறு வைக்காதது. ரெண்டையும் சேர்த்து அளந்தா, தேய்ப்பு நம்மள எவ்வளவு ஏமாத்துதுன்னு தெரிஞ்சிடும்."

வல்லவனுக்குப் புல்லும் ஆயுதம். அந்தப் பன்னிரண்டையும் அளந்து அவள் எழுதிய கட்டுரைதான் வெளிநாடு வரை போய் எங்கள் ஆய்வகத்துக்குப் பேர் வாங்கித் தந்தது. அட்டவணையும் இருந்த இடத்திலேயே தப்பியது. கட்டுரையின் கடைசியில், இரண்டு வகைத் துண்டுகளையும் மிகுந்த அக்கறையோடு செய்துகொடுத்தவர் என்று அக்காவுக்கு நன்றி வேறு.

அதைப் படித்துவிட்டு அக்கா நேரே என் உலை அறைக்கு வந்து உட்கார்ந்தார். கண் கலங்கியிருந்தது. நல்ல விஷயம்தானே என்று கேட்டேன்.

"ஒரு வார்த்தை திட்டியிருந்தா அவளும் என்னை மாதிரிதான்னு நிம்மதியா தூங்கியிருப்பேன்" என்றார். "அதைக்கூடத் தரமாட்டேங்கிறா."