பாதி விலை

வீட்டை விற்பது என்றால் என்ன என்று எனக்குப் பத்து வயதில் சரியாகத் தெரியாது. யார் யாரோ வருவார்கள், வீட்டைக் குறை சொல்வார்கள், அவர்களுக்கு நாம் காப்பி கொடுக்க வேண்டும் என்ற அளவில் புரிந்துவைத்திருந்தேன்.

திருவனந்தபுரத்தில் சாலைக் கடைத்தெருவுக்குப் பின்னால் ஒரு சந்தில் எங்கள் ஓட்டு வீடு இருந்தது. நாஞ்சில் நாட்டிலிருந்து சர்க்கார் உத்தியோகத்துக்கு வந்த அப்பா, நான் பிறப்பதற்கு முன்னாலேயே கட்டியது. தெற்குத் தாலுக்காக்கள் மதராஸோடு சேரப்போகின்றன என்று ஊரெல்லாம் பேச்சாக இருந்த வருடம் அது. அப்பா நாகர்கோவில் ஆபீசுக்குப் போக எழுதிக் கொடுத்துவிட்டார். ஐப்பசிக்குள் கிளம்பியாக வேண்டும். எங்கள் அவசரம் வாங்க வந்தவர்கள் எல்லாருக்கும் தெரிந்திருந்தது. சுவரை விரலால் தட்டிப் பார்த்துவிட்டு "ஆலோசிக்காம்" என்று மலையாளத்தில் சொல்லிப் போனவர்கள் திரும்பி வரவில்லை.

அப்போதுதான் சித்தப்பா தானே வாங்கிக்கொள்வதாகச் சொல்லி அனுப்பினார். அப்பாவுக்கு ஒரே தம்பி. பதினாறு வயதில் எங்கள் வீட்டுக்கு வந்து, யாருடைய இரும்புக் கடையிலோ எடுபிடி வேலை பார்த்து, கல்யாணம் ஆகும்வரை எட்டு வருடம் அம்மா கையால் சாப்பிட்டவர். இப்போது சாலையில் சொந்தக் கடை வைத்திருந்தார். அம்மாவுக்கு மனசு நிறைந்துபோயிற்று. வெளி ஆளுக்குப் போகாமல் வீட்டுப் பிள்ளைக்கே போகிறது என்று பக்கத்து வீடுகளிலெல்லாம் சொன்னாள். அவர் வருகிற ஞாயிற்றுக்கிழமை பருப்பு வடை சுட்டாள்.

சித்தப்பா வந்தார். உட்காரவில்லை. வடையைத் தொடவில்லை. முதல் தடவை பார்ப்பவரைப்போல அறை அறையாக நடந்தார்.

"எறவாணம் ஒழுகும். கெழக்குச் சுவரு வெடிச்சிருக்கு. கோடையில கிணத்துத் தண்ணி உப்புக் கரிக்கும்."

எல்லாம் நிஜம்தான். அந்த ஒழுகலுக்கு அடியில் பாயை நகர்த்தி நகர்த்திப் படுத்தவருக்குத் தெரியாதா? தெரிந்ததை எங்களுக்கு எதிராகவே சொல்கிறாரே என்று எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அப்பா தூணில் சாய்ந்து தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஏழாயிரத்துக்குக் குறையாது என்று எங்களிடம் சொல்லிவந்தவர்.

"மூவாயிரத்தஞ்ஞூறு தருவேன்," என்றார் சித்தப்பா. "அண்ணங்கிட்ட முன்னமே சொல்லியாச்சு."

அம்மா அடுக்களை வாசலில் நின்றிருந்தாள். பின்பக்கம் போனாள். கிணற்றுக் கப்பி கிரீச்சிடுவது கேட்டது. செம்பு நிறையத் தண்ணீரோடு வந்து சித்தப்பாவின் முன்னால் நீட்டினாள்.

"குடியும்."

"மைனி, நான் சொல்லுகதைக் கொஞ்சம் கேளுங்க..."

"குடிச்சிட்டுச் சொல்லும்."

சித்தப்பா அப்பாவைப் பார்த்தார். அப்பா நிமிரவில்லை. சித்தப்பா செம்பை வாங்கி, அண்ணாந்து, கடைசிச் சொட்டுவரை குடித்துவிட்டுக் கீழே வைத்தார்.

"உப்புக் கரிக்கா?"

"இல்ல மைனி."

"எட்டு வருசம் இதே தண்ணியிலதான உமக்குச் சோறு பொங்கினேன்? அன்னைக்குக் கரிக்காத நாக்கு பாதி வெலை சொல்லும்போது கூசலையா? அண்ணன் தெருவுக்கு வந்துட்டாருன்னு நெனச்சீரா? ஏழாயிரம் வரலேன்னா கதவைப் பூட்டிப் போட்டுட்டுப் போவேன். கறையான் தின்னட்டும். உமக்குக் கெடையாது!"

அவள் அப்படிக் கத்தி நான் கேட்டதே இல்லை. சந்தில் இரண்டு பேர் நின்று பார்த்தார்கள். என் பங்குக்கு நானும் ஏதாவது செய்தாக வேண்டும் என்று தோன்றியது. வாசலுக்கு ஓடி, சித்தப்பாவின் புதுச் செருப்புகளை எடுத்து ஒவ்வொன்றாகச் சாக்கடையில் எறிந்தேன். அவர் வெளியே வந்து பார்த்தார். என்னையும் பார்த்தார்.

"வெயிலு கொதிக்கு மக்ளே, உள்ள போ," என்றார். பிறகு வெறுங்காலோடு நடந்து போனார்.

மூன்று வாரம் கழித்து ஒரு மலையாளி வாத்தியார் வந்தார். வெடிப்பையும் ஒழுகலையும் அம்மாவே காட்டினாள். அவர் ஆறாயிரத்து எழுநூறு சொன்னார். "ஞாயமாய வில தன்னே, ஸாரே," என்று அப்பாவிடம் சொன்னார். அம்மா ஜெயித்துவிட்டாள். நாங்கள் பஸ் ஏறிய அன்று வழியனுப்பச் சித்தப்பா வரவில்லை. நாகர்கோவிலில் அவர் பெயரை யாரும் எடுக்கக் கூடாது என்பது எழுதாத சட்டம்.

பதினோரு வருடம் கழித்து என் கல்யாணப் பத்திரிகைக்கு அம்மா பெயர்ப் பட்டியல் போட்டபோது, அவரையும் சேர்க்கச் சொன்னார் அப்பா. அம்மா பேனாவைக் கீழே போட்டாள். அதற்குப் பிறகுதான் அப்பா வாயைத் திறந்தார்.

"எங்கப்பா விட்டுட்டுப் போனது ஒரே வயலு. அதுல பாதி அவனுக்கு உள்ளது. அவனுக்கு அப்போ பன்னெண்டு வயசு. நான் முழுசும் வித்துத்தான் அந்த வீட்டைக் கெட்டினேன். பாதி வெலைக்குத் தாறேன்னு நான்தான் அவனுக்கு வாக்குக் குடுத்தது. உங்கிட்ட சொல்லத் தைரியம் வரல. குறை சொல்லி வெலையைக் கொறைச்சுக் கேளுன்னும் நான்தான் சொன்னேன்."

"வாத்தியாரு குடுத்ததுல அவனுக்குப் பாதி குடுத்தீங்களா?" என்று கேட்டாள் அம்மா.

நாங்கள் உட்கார்ந்திருந்த வீடே அந்த முழுப் பணத்தில் வாங்கியதுதான்.

மறுநாள் அம்மா தட்டில் பத்திரிகையை வைத்துக்கொண்டு தனியாகத் திருவனந்தபுரம் பஸ் ஏறினாள். கல்யாணம் முடியும்வரை அப்பாவோடு ஒரு வார்த்தை பேசவில்லை. எனக்கும் அவர்மேல் வந்த கோபம் முழுதாக ஆறியது என்று சொல்ல முடியாது.

சித்தப்பா சந்து திரும்பி மறைந்த அந்த ஞாயிற்றுக்கிழமை, நான் உள்ளே ஓடிவந்தேன். அம்மா அடுக்களையில் பாத்திரங்களை உருட்டிக்கொண்டிருந்தாள். அப்பா அதே தூணருகில் நின்றிருந்தார். ஒரு கை தூணை இறுகப் பற்றியிருந்தது. எங்களைப்போலவே அவருக்கும் ஆத்திரம், பெரியவர் என்பதால் அடக்கிக்கொண்டு நிற்கிறார் என்று நினைத்தேன். எனக்கு அவரை நினைத்துப் பெருமையாகக்கூட இருந்தது. அந்தக் கையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு, "சித்தப்பா ரொம்பக் கெட்டவரு, இல்லியாப்பா?" என்று கேட்டேன்.

அப்பா மெதுவாகக் கையை உருவிக்கொண்டு பின்பக்கம் போய்விட்டார். நான் என்ன தப்பாகக் கேட்டேன் என்று எனக்கு விளங்கவே இல்லை.