லீவு கோர்ஸ்

பயிற்சியில் தூக்கும் அரைக் கிலோ எடையை ஒரு கிலோவாக்க இங்கே டாக்டரின் ஒப்புதல் வேண்டும். ஜெர்மனிக்கு வந்து முப்பது வருடமாகியும் இந்த நிதானம் எனக்குப் பழகவில்லை. என் மகனுக்கு வயது பத்தொன்பது. இடுப்புப் பக்கம் முதுகெலும்பு டிஸ்க் பிதுங்கி, இடது பாதத்தைத் தூக்க வரவில்லை. மதுரை ஜிம்மில் அவனுக்குக் கொடுத்த பயிற்சித் திட்டத் தாளை, இங்கே அவனுக்குப் பிசியோதெரபி தரும் பெண்ணிடம் நீட்டினேன். "ஆறு விதமான கையெழுத்து இருக்கிறதே, ஆறு நிபுணர்களா?" என்று வியந்தாள். ஆறு பேரும் நிபுணர்களில்லை. அந்த ஆறு பேரில் ஒருவன் நான்.

தொண்ணூறுகளில், காளவாசல் பக்கம் இருந்த ஜிம் அது. மாஸ்டர் எழுதியது பன்னிரண்டு வாரத் திட்டம். மூன்று வாரம் எடை ஏற்றினால் நான்காவது வாரம் குறைக்க வேண்டும். யார் அதை அப்படியே விட்டார்கள்? "பேண்டு போட்டா காலை எவன்டா பாக்கப் போறான் மாப்ள?" என்று ஒருவன் கால் பயிற்சியான பஸ்கியைத் தாளிலிருந்து நீக்கினான். இன்னொருவன் ஞாயிற்றுக்கிழமை ஓய்வை நீக்கினான். நான் ஜெர்மனியிலிருந்து இருபத்தெட்டு நாள் லீவில் போனவன். தங்கை கல்யாணத்தில் சட்டைக் கை இறுகித் தெரிய வேண்டும்.

"அம்புட்டு வாரத்துக்கு எங்கண்ணே போவேன்? நாலு வாரத்துல முடிச்சு விடுங்க."

"உடம்புக்கு ஒன் லீவு தெரியுமா தம்பி?" என்றார் மாஸ்டர்.

பேனாவை வாங்கி, எடை குறைக்கும் வாரங்களை நானே அடித்துவிட்டு, மிச்சத்தை நாலு வாரத்துக்குள் நெருக்கினேன். எனக்கு ஒன்றும் ஆகவில்லை. அதுதான் கேடு. துபாயிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் வந்தவர்கள் அந்தத் தாளை வாங்கி, தூக்கும் எடையில் ஆளுக்கு ஐந்து கிலோ கூட்டி எழுதினார்கள். பெயரே லீவு கோர்ஸ் ஆனது.

போன கோடையில் தல்லாகுளத்தில் தங்கை வீட்டுக்குப் போன என் மகனுக்கும் அதையே கொடுத்திருக்கிறார்கள். பதினெட்டாம் நாள், தரையிலிருந்து கம்பியைத் தூக்கியவன் அப்படியே சரிந்தான். மாஸ்டருக்குப் பின் ஜிம்மை நடத்துபவனிடம் போனில் கத்தினேன்.

"அறிவிருக்காய்யா? எவன் எழுதுனது இதை?"

"நீங்க ஆரம்பிச்சு வச்சதுதாண்ணே. ஒங்க பேரைச் சொல்லித்தான் எல்லாருக்கும் குடுக்குறோம்."

அம்மா, கோயில், கல்யாணம், உடம்பு என்று எல்லாவற்றையும் நாலு வாரத்தில் முடித்துவிட்டுப் பிளேன் ஏறும் புத்தி நம்முடையது. ஊருக்கு நாம் என்ன கொண்டுபோனோம்? சென்ட் பாட்டிலும் அவசரமும்.

நேற்று மகனை நடக்க வைத்தோம். ஒரு தோளுக்கு அந்தப் பெண், மறு தோளுக்கு நான். "லாங்ஸாம்" என்றாள் அவள். மெதுவாக என்று பொருள். அதற்குள், "இன்னும் ரெண்டே எட்டுய்யா, வா வா" என்று என் வாய் முந்திக்கொண்டது. அவன் எங்கள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தான். எந்தக் காலையும் எடுத்து வைக்காமல் நடுவில் நின்றுவிட்டான்.